பிரஷரும் ஸ்லோ குக்கரும் ஒரே பானையில்: வாங்கும் முன் நீங்கள் கேட்டவை

கரண்டில் ஓடும் பிரஷர் குக்கர், அதிலேயே (இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும்) ஸ்லோ குக்கரும் என்று விற்கும் பானையை வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோவையிலிருந்து: அக்கா, அடுப்பில் வைக்கும் அஞ்சு லிட்டர் குக்கர் நன்றாகவே இருக்கிறது. இது எதற்கு?

பருப்பும் சாதமும் சீக்கிரம் வேக வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் வாங்காதீர்கள். வேகத்தில் உங்கள் பழைய குக்கர்தான் ஜெயிக்கும். அதில் அழுத்தம் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏறும், உள்ளே சூடு 120 டிகிரியைத் தொடும். இன்ஸ்டன்ட் பாட் போன்ற கரண்ட் குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 பிஎஸ்ஐக்குள் நின்றுவிடும், அந்த அழுத்தம் ஏறவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: விசில் எண்ண ஆள் வேண்டாம், நேரம் முடிந்ததும் தானே நின்று சாப்பாட்டைச் சூடாக வைத்திருக்கும், அதற்குள் நீங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பலாம். அடுப்படியில் நிற்க முடியாத பெரியவர்களுக்கும், கேஸ் இல்லாத வாடகை அறையில் இருப்பவர்களுக்கும் தயங்காமல் வாங்கிக்கொடுங்கள்.

டொராண்டோவிலிருந்து: ஸ்லோ குக்கர் தனியாக வாங்குவதா, இரண்டும் சேர்ந்ததா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். கடைக்காரர் இரண்டு பாத்திரத்தின் வேலையை ஒன்று செய்யும் என்பார், ஆனால் இரண்டையும் ஒரே அளவு நன்றாகச் செய்யாது. பழைய ஸ்லோ குக்கரில் கனமான பீங்கான் பானை இருக்கும், சூடு சுற்றுச் சுவரிலிருந்து வரும், அதனால் எட்டு மணி நேரமும் குழம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். சேர்ந்த வகையில் ஸ்டீல் பாத்திரம், சூடு அடியிலிருந்து மட்டும். பல மாடல்களில் குறைந்த சூடு ரொம்பவே மந்தம், எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் கேரட் கடுக்கென்று இருக்கும். பழைய ஸ்லோ குக்கருக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்தால் அதிகச் சூட்டில் வையுங்கள். பிரஷர் மூடியைப் போட்டு ஸ்லோ குக் செய்யாமல் கண்ணாடி மூடி ஒன்று தனியாக வாங்குங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 85 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த நிலையில் இறைச்சி சமைக்க வேண்டாம். வாரத்தில் நாலு நாள் ஸ்லோ குக் செய்கிற வீடு என்றால் தனி ஸ்லோ குக்கரே வாங்குங்கள். மாசத்துக்கு ஒரு தரம் ஆட்டுக்கால் சூப், மற்ற நாளெல்லாம் பருப்பு, கொண்டைக்கடலை என்றால் சேர்ந்தது போதும்; பிரஷருக்காக வாங்குங்கள், ஸ்லோ குக் கூட வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: ராஜ்மாவை ராத்திரி ஸ்லோ குக்கில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

கூடாது. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் இளஞ்சூட்டில் அது அழியாது, அரைவேக்காட்டில் இன்னும் கூடிவிடவும் செய்யும், வாந்தி பேதிதான். குறைந்தது அஞ்சு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷரில் முழுசாக வேகவையுங்கள். அப்புறம் மசாலாவோடு ஸ்லோ குக்கில் விடலாம். இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்த குக்கர் உண்மையிலேயே உதவுகிறது, இரண்டும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவருவதாகச் சொல்கிறாள். விலை குறைவாம்.

வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக் மாற்றும் அடாப்டரை மட்டும் போட்டுச் செருகினால் அன்றே போய்விடும். வோல்ட்டேஜைக் குறைக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அந்தச் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இங்கேயே விற்கும் 230 வோல்ட் மாடல் வாங்குங்கள், அதற்கு கேஸ்கட் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு.

திருநெல்வேலி: இன்வெர்ட்டரில் ஓடுமா? நாலு பேருக்கு எத்தனை லிட்டர்?

ஆறு லிட்டர் அளவுள்ளது சுமார் 1000 வாட் இழுக்கும், மூன்று லிட்டர் 700 வாட். வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்திருக்கிற சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. நாலு பேருக்கு ஆறு லிட்டர்தான் சரி. பெட்டியில் போட்டிருக்கிற லிட்டரை அப்படியே நம்பாதீர்கள்: பிரஷரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, அரிசி, பருப்பு மாதிரி நுரைத்துப் பொங்குவதற்குப் பாதிதான்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: வத்தக்குழம்பு வைத்தால் 'பர்ன்' என்று காட்டி நின்றுவிடுகிறது, மெஷின் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அடியில் பிடிப்பது தெரிந்ததும் தானே நின்றுவிடும். தாளித்த பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். ஆறு லிட்டர் பானைக்கு மொத்தத்தில் ஒன்றரை கப் தண்ணீராவது வேண்டும். கெட்டியான புளிக்கரைசலைப் பிரஷரில் போடாமல், காய் வெந்தபின் திறந்த பானையில் வதக்கும் பட்டனில் சுண்டவையுங்கள். ஸ்லோ குக்கிலும் இதே கதை, தண்ணீர் வற்றவே வற்றாது, எண்ணெய் பிரிந்து வரும் குழம்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

லண்டன்: இட்லி? மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. கேஸ்கட்டில் வேறு சாம்பார் வாசனை.

இட்லிக்கு வால்வைத் திறந்துவைத்து ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். அப்படி வைத்தால் பல மாடல்களில் டைமர் ஓடாது, போனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குத் தயிர் பட்டன் (இளஞ்சூட்டில் வைத்துப் புளிக்கவைப்பது) இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் ஊர்க் குளிருக்கு அது ஒன்றே காசைத் திருப்பித் தந்துவிடும். பிரஷர் மூடி வேண்டாம், மாவு பொங்கி வால்வில் ஏறும். சும்மா ஒரு தட்டு போட்டு மூடினால் போதும். சிலிக்கான் கேஸ்கட் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், முழுசாகப் போகாது. பாயசத்துக்கு என்று இன்னொன்று வாங்கி வையுங்கள்.

ஊட்டி: எல்லாம் கூடுதல் நேரம் எடுக்கிறதே?

ஆமாம், நீங்கள் 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள். குறிப்பில் இருக்கும் பிரஷர் நேரத்தோடு கால் பங்கு கூட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு பன்னிரண்டரை.