பழைய குவார்ட்டர்பேக்கே (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) திரும்பி வருகிறார், போன சீசன் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 32 புள்ளி. அடுத்த சீசனில் எங்கள் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணியின் அஃபென்ஸ் (புள்ளி எடுக்கும் தாக்குதல் பிரிவு) எகிறுமா?

குவார்ட்டர்பேக்கைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன், அடுத்து ஆட்டத்தை வகுத்துக் கொடுக்கும் கோச்.

உங்கள் கேள்விக்கு அச்சாகப் பொருந்துவது லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ) அணிதான். 2018இல் அவர்களும் ஆட்டத்துக்கு 32 புள்ளிதான். குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எறிந்தது 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிச் சேர்த்தல்). 2019இல் அதே பர்ரோ 60 டச்டவுன், 5,671 யார்டு. அணி ஆட்டத்துக்கு 48 புள்ளியைத் தாண்டியது, 15 ஆட்டமும் வெற்றி. அவர் எறிவதைப் பிடிக்கும் ஜஸ்டின் ஜெபர்சனும் ஜமார் சேஸும் முந்தைய ஆண்டே அணியில் இருந்தவர்கள். புதிதாக வந்தவர் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து கோச் ஜோ பிரேடி, பாஸிங் (எறியும்) ஆட்டத்தைக் கவனிக்க. அதன்பின் ரன்னிங்பேக் (வழக்கமாகப் பந்தோடு ஓடுபவர்) உட்பட, பந்து பிடிக்கக்கூடிய ஐந்து பேரையும் எறிவதை வாங்க ஓடவிட்டார்கள். ரன்னிங்பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் மட்டும் 55 பந்து பிடித்தார்.

இதில் ஆபத்தும் உண்டு. ஐந்து பேரும் ஓடினால் தடுக்க லைன்மேன் ஐவர் மட்டுமே. எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவன் தடையில்லாமல் வருவான். அவன் வந்து சேருமுன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். யார் யாரைத் தடுப்பது என்று ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் கூவுபவர் பெரும்பாலும் லைனின் நடுவில் நிற்கும் சென்டர். அங்கே அனுபவமில்லாத பையன் நின்றால் எந்தத் திட்டமும் மூன்றாம் டவுனில் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) உடையும். எல்.எஸ்.யூவில் சென்டர் குஷன்பெரி, அவருக்கு வலப்பக்கம் நிற்கும் கார்டு லூயிஸ் இருவரும் 2018இலேயே அதே இடத்தில் ஆடியவர்கள். 2019இன் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருதும் இவர்களுக்குத்தான்.

ஒரே அணியை வைத்துச் சட்டம் போடுகிறான் என்பீர்கள். சட்டமில்லை. மறுபக்கத்தையும் அதே அணியே காட்டியது: பர்ரோ, ஜெபர்சன், பிரேடி எல்லாரும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) போனதும் 2020இல் 5 வெற்றி, 5 தோல்வி.

அந்த 32 புள்ளியையும் அப்படியே நம்பாதீர்கள். கீழ்மட்ட எஃப்.சி.எஸ் அணிகளோடு ஆடியதைக் கழியுங்கள். டிஃபென்ஸும் கிக் ரிட்டர்னும் அடித்த டச்டவுன்களையும் எடுத்துவிடுங்கள். எதிராளியின் ஃபம்பிளால் (பந்தை நழுவவிடுவது) கோட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த பந்துகள் வருடாவருடம் அதே அளவில் கிடைக்காது. மிச்சம் 25 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஏப்ரலில் அணிக்குள்ளேயே ஆடும் ஸ்பிரிங் கேமும் உதவாது. அங்கே குவார்ட்டர்பேக்கைத் தொடவே கூடாது என்று தனி ஜெர்சி போட்டு விடுவார்கள்.

சீசன் தொடங்கியதும் முதல் வலுவான எதிராளியிடம் மூன்றாம் டவுன், ஏழு யார்டுக்கு மேல் தேவைப்படும் ஆட்டங்களை மட்டும் கவனியுங்கள். 2019இன் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா சதர்னை 55-3 என்று அடித்ததில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஆஸ்டினில், மூன்றாம் டவுன், 17 யார்டு தேவை. டெக்சாஸ் அணி பிளிட்ஸாகக் கூடுதல் ஆட்களை அனுப்பியது. பர்ரோ ஜெபர்சனுக்கு எறிந்தார், 61 யார்டு டச்டவுன். 45-38 என்று எல்.எஸ்.யூ வென்றது.