ஓட்டுப் போட்ட மறுநாள்

கேள்வி: ஓட்டுப் போடுவதைத் தவிர ஒரு சாதாரணக் குடிமகனால் அரசியலில் என்னதான் செய்துவிட முடியும்?

பதில்: கையெழுத்துப் போடலாம். சிரிக்காதீர்கள். 1893-ல் நியூஸிலாந்தில் கேட் ஷெப்பர்டும் தோழிகளும் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். மனுத்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, துடைப்பக்கட்டையில் சுற்றினார்கள். நீளம் சுமார் 270 மீட்டர்! ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்துக்குள் உருட்டிவிட்டார். அதே வருஷம் சட்டம் நிறைவேறியது.

சுவிட்சர்லாந்தில் கையெழுத்துக்கு இன்னும் மவுசு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளில் 50,000 பேர் கையெழுத்திட்டால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும். ஆனால் இவ்வளவு பேசும் அந்த நாட்டில் தேசிய அளவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1971-ல்தான். 1959-ல் ஆண்கள் ஓட்டுப் போட்டே அதைத் தோற்கடித்திருந்தார்கள். வாக்கெடுப்பு என்றாலே நியாயம் என்று நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கி இருந்தால் என்ன?

பதில்: ஆஸ்திரேலியக் குடிமகன் என்றால் கஷ்டம். 1924-லிருந்தே ஓட்டுப் போடுவது அங்கே கட்டாயம். தக்க காரணம் இல்லாவிட்டால் அபராதம். மற்றபடி ஒதுங்கலாம், நானும் இருபது வயதில் ஒதுங்கியவன்தான். பிறகு ஒருநாள் சும்மா நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனேன். பார்வையாளர் வரிசையில் நான் ஒருவன்தான். என்னைப் பார்த்ததும் ஓர் உறுப்பினர், அதுவரை மூடி வைத்திருந்த கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.