லண்டன் சுத்திப் பாக்க பாஸ் வாங்கணுமா?

கேள்வி: அண்ணா, மே மாசம் நான், வீட்டுக்காரர், 9 வயசு பையன் மூணு பேரும் லண்டன் போறோம், நாலு நாள்தான். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ் இருக்கு, இங்கயே வாங்கிடுங்கன்னு டிராவல் ஏஜென்ட் சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீங்கம்மா. முதல்ல ஒரு பேப்பர்ல நீங்க உள்ள போயே ஆகணும்னு நினைக்கிற இடத்தை எழுதுங்க, அதுல காசு கேக்குற இடம் எது எதுன்னு பாருங்க. பாதி கழிஞ்சிடும், ஏன்னா பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாமே உள்ள போக ஃப்ரீ, ஸ்பெஷல் கண்காட்சிக்கு மட்டும்தான் டிக்கெட். உங்க பையனுக்கு டைனோசர் எலும்பைப் பாத்தாலே ஒரு நாள் போயிடும். பிரிட்டிஷ் மியூசியத்துல நம்ம அமராவதி ஸ்தூபியோட சிற்பங்களும் இருக்கு, அதை விட்டுடாதீங்க, வெள்ளிக்கிழமைன்னா ராத்திரி 8.30 வரைக்கும் திறந்திருக்கும். ஸ்கை கார்டன்னு உயரத்துல இருந்து ஊரைப் பாக்குற இடமும் ஃப்ரீதான், ஆனா முன்கூட்டியே புக் பண்ணணும்.

காசு குடுத்தாலும் பாக்க வேண்டியதுன்னு நான் சொல்றது டவர் ஆஃப் லண்டன். கோஹினூர் வைரம் வச்ச கிரீடம் அங்கதான் இருக்கு. பெரியவங்களுக்கு 35 பவுண்டுக்குப் பக்கத்துல ஆகும், ஆனா நிதானமா பாத்தா மூணு மணி நேரத்துக்கு மேல நிக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேங்கிற பழைய சர்ச்சுக்கும் டிக்கெட் உண்டு, ஞாயித்துக்கிழமை சுத்திப் பாக்க விடமாட்டாங்க, அன்னைக்குப் போய் ஏமாந்துடாதீங்க.

பாஸுக்குக் குடுத்த காசு திரும்பி வரணும்னா ஒரு நாளைக்கு இந்த மாதிரி காசு கேக்குற இடம் ரெண்டு மூணு பாத்தாகணும், சின்ன பையனை வச்சுக்கிட்டு அது ஓட்டமாத்தான் இருக்கும், ஒரு இடத்துலயும் மனசு நிக்காது. டிக்கெட்டைத் தனித்தனியா அந்தந்த இடத்தோட சொந்த வெப்சைட்லயே வாங்குங்க. தேடும்போது மேல விளம்பரமா வர்ற சைட்ல கமிஷன் சேத்து வச்சிருப்பாங்க.

கேள்வி: ட்ரெயின், பஸ்ஸுக்கு தனியா கார்டு வேணுமா?

பதில்: உங்ககிட்ட இருக்குற விசா கார்டோ மாஸ்டர்கார்டோ போதும், காண்டாக்ட்லெஸ், அதாவது மெஷின்ல தட்டினாலே காசு எடுக்குற வசதி, அதுல வேலை செய்யணும், கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணிடுங்க. ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ரெண்டு பேருக்கு ஒரே கார்டு ஆகாது. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்காதுன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, ஆனா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அதே கார்டையே தட்டினாத்தான் அது கணக்காகும். நான் ஒரு தடவை அதே கார்டைச் சேத்து வச்ச போன்ல தட்டி உள்ள போயிட்டு கார்டைத் தட்டி வெளிய வந்தேன், ஒரே கார்டுதானேன்னு நினைச்சேன், அது ரெண்டு பாதிப் பயணமா கணக்காகி ரெண்டுக்கும் அதிகபட்ச கட்டணம் புடிச்சிட்டாங்க, உங்களுக்கு அது நடக்கக் கூடாது. பையனுக்கு 11 வயசு ஆகலல்ல, உங்க கூட வந்தா ட்யூப்லயும் (அங்க ஓடுற சுரங்க ரயில்) பஸ்லயும் ஃப்ரீ. பெரியவங்ககிட்ட பஸ்ல ரொக்கமா காசு வாங்கமாட்டாங்க, ஏறும்போது மட்டும் கார்டைத் தட்டணும், ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே சார்ஜ். 15ஆம் நம்பர் பஸ் மாடியில முன் சீட்ல உக்காந்தீங்கன்னா டவர்ல இருந்து செயின்ட் பால்ஸ் சர்ச் வழியா ட்ரஃபால்கர் சதுக்கம் வரைக்கும் பாத்துடலாம், சுற்றுலா பஸ்ஸுக்குத் தனியா குடுக்க வேண்டாம்.

கேள்வி: கடையில வாங்குன பொருளுக்கு ஏர்போர்ட்ல வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2021 ஜனவரியில இருந்து லண்டன்ல அந்த வசதியே இல்ல, அதை நம்பி பெரிய பர்ச்சேஸ் பண்ணாதீங்க. இன்னொன்னு, கார்டு மெஷின்ல ரூபாயா பவுண்டான்னு கேக்கும், ரூபாய்னா நமக்குப் புரியுதேன்னு அதைத் தொட்டுடாதீங்க, அவங்க வச்ச ரேட்ல மாத்துவாங்க. எப்பவும் பவுண்டையே தொடுங்க.