24 மணி நேரத் தயிர் ரைஸ் குக்கரில் ஏன் உறையவில்லை?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமியாருக்கு 68 வயது. வயிற்றுக் கோளாறுக்குப் பிறகு லாக்டோஸை, அதாவது பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையை, குறைக்கச் சொல்லிவிட்டார்கள். தயிர்சாதம் இல்லாமல் அவருக்குச் சாப்பாடே முடியாது. 24 மணி நேரம் உறைய வைத்த தயிரில் லாக்டோஸ் இருக்காது என்று தோழி சொன்னார். ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு வைத்தேன், மறுநாளும் பாலாகவே இருந்தது. எங்கே தப்பு?"

தப்பு அந்த 'வார்ம்' பட்டனில்தான். அது சோற்றைக் கெடாமல் வைக்கிற சூடு, பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல். தயிர்க் கிருமிகளுக்கு 40 முதல் 45 டிகிரிதான் சுகம், 50-ஐ நன்றாகத் தாண்டினால் முடங்கிவிடும், அந்தச் சூட்டிலேயே கிடந்தால் செத்துப்போகும். நீங்கள் உறை ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கதை முடிந்திருக்கும்.

சரி, சிங்கப்பூர் சூட்டுக்கு மேடையில் வைத்தாலே உறைகிறதே என்பீர்கள். உறையும், நமக்கு அது போதும். ஆனால் 30 டிகிரியில் இந்தக் கிருமிகள் மந்தமாகத்தான் வேலை செய்யும், வேறு வகைகள் கை ஓங்கும், அதனால்தான் ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்த தயிர் சில சமயம் நூல் நூலாக இழுக்கிறது. புளித்துவிட்டதே, அப்படியானால் லாக்டோஸ் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. 100 மில்லி பாலில் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, அதில் கொஞ்சம் அமிலமானாலே தயிர் உறைந்துவிடும், மிச்சம் அப்படியே உள்ளே இருக்கும். அந்த மிச்சத்தைக் கரைக்கத்தான் 24 மணி நேரம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஒரு லிட்டர் பாலை 85 டிகிரி வரை, அதாவது ஓரங்களில் நுரை கட்டி ஆவி பறக்கும் வரை காய்ச்சுங்கள் (யூஎச்டி பாலென்றால், அதாவது முன்பே அதிகச் சூட்டில் காய்ச்சி அடைத்த பாலென்றால், காய்ச்ச வேண்டாம், வெதுவெதுப்பாக்கினால் போதும்). 42 டிகிரிக்கு ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி உறை. விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு, ஆனால் இதற்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். அப்புறம் 38-க்குக் குறையாமல், 43-ஐத் தாண்டாமல் 24 மணி நேரம். யோகர்ட் பட்டன் உள்ள எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரோ சின்ன யோகர்ட் மேக்கரோ நல்லது. ஐஸ் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில் வைத்தும் செய்யலாம்தான், நடுராத்திரி இரண்டு தடவை எழுந்து வெந்நீர் மாற்ற யாருக்குத் தெம்பு இருக்கிறது! முடிந்ததும் கலக்காமல் ஃபிரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள்.

இவ்வளவு செய்தும் லாக்டோஸ் சுத்தமாகப் பூஜ்யம் என்று நான் எழுதித் தர மாட்டேன். புளிப்பு ஏற ஏறக் கிருமிகளே சோர்ந்துவிடும். தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வடிகிற தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் போகும். அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் மாமியாருக்கு இதைவிடச் சுலபமான வழி, பேரங்காடியில் கிடைக்கும் லாக்டோஸ் இல்லாத பால். அதில் லாக்டோஸை முன்பே குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்திருப்பார்கள், எட்டு மணி நேரத்தில் தயிர் தயார். கொஞ்சம் இனிக்கும். அவருக்கு நீரிழிவும் இருந்தால் கவனம்: சர்க்கரை வடிவம்தான் மாறியிருக்கிறது, அளவு குறையவில்லை.

எந்தப் பாலானாலும் கெட்டியாக வர பால்பவுடர் சேர்க்காதீர்கள், அது லாக்டோஸ் மூட்டை. உறைக்கு வாங்கும் தயிரின் லேபிளில் பாலும் கல்ச்சரும் (தயிர்க் கிருமிகள்) மட்டும் இருக்கட்டும். சில கடைத் தயிரில் ஸ்டார்ச், ஜெலட்டின் எல்லாம் வரும், மாமியார் சைவமென்றால் ஜெலட்டினைப் பார்த்து ஒதுக்குங்கள்.

முதல் நாள் ஒரே ஒரு மேசைக்கரண்டி கொடுங்கள், வயிறு அமைதியாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கூட்டுங்கள். லாக்டோஸ் பிரச்சினை வேறு, பால் அலர்ஜி வேறு. அலர்ஜிக்காரருக்கு எத்தனை மணி நேரம் வைத்த தயிரும் ஆகாது, ஏனென்றால் அங்கே வில்லன் பாலின் புரதம். அவருக்கு எது என்று பலதுறை மருந்தகத்தில் ஒரு தடவை தெளிவாகக் கேட்டுக்கொண்டு உறை ஊற்றுங்கள்.