கேள்வி–பதில்: ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்

பெரியவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துகிறவர்களும், அப்படிப் படிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். நானும் மாலை வேளையில் கணக்குப் பதிவும் எக்செலும் சொல்லித்தருகிறவள் என்பதால், உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

கேள்வி: பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். இப்போது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆன்லைனில் எக்செல் வகுப்பு எடுக்கிறேன். தயாரிப்பில் குறை வைப்பதில்லை. ஆனால் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லோருடைய கேமராவும் அணைந்தே இருக்கிறது. வாரம் போகப் போக ஆளும் குறைகிறது. என்ன செய்வது மேடம்?

முதலில் கேமராவைப் பற்றிய கவலையை விடுங்கள். அணைந்த கேமராவுக்குப் பின்னால் மடியில் குழந்தையோடு ஒருவர் இருப்பார். ஷிப்ட் முடிந்து போனில் கேட்டுக்கொண்டே வீடு திரும்புகிறவர் இருப்பார். தன் அறையை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டப் பிடிக்காதவரும் இருப்பார். முகம் தெரிந்தால் மட்டும் அவர் கற்றுக்கொண்டாரா என்று தெரிந்துவிடாது. செய்து காட்டினால்தான் தெரியும்.

‘புரிந்ததா?’ என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலாளராக இருப்பவர், தெரியாதவர்கள் நடுவே ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வாரா? நான் பார்த்த வரையில் பெரியவர்களுக்கு இந்தக் கூச்சம் குழந்தைகளைவிட அதிகம். அதனால் வேலை கொடுங்கள். ஒரு ஃபார்முலாவைத் திரையில் காட்டி, ‘இதில் எங்கே தவறு? விடையை சாட்டில் எழுதுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து அனுப்பட்டும். முதலில் வரும் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது நிற்கும். வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பதும் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். தவறான விடையைப் பேசும்போது எழுதியவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

ஆள் குறைவது வேறு விஷயம். அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் பெரியவர்களின் கல்வியைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியவர். அவர் அழுத்திச் சொன்ன ஒன்று: பெரியவர்கள் கையில் ஒரு சிக்கலோடு படிக்க வருகிறார்கள், எப்போதாவது உதவும் என்பதற்காக அல்ல, இப்போதே அது தீர வேண்டும் என்பதற்காக. நம் பாடத்திட்டமோ பெரும்பாலும் மெனுவிலும் பொத்தானிலும் தொடங்குகிறது. தன் சிக்கல் எட்டாவது வாரத்தில்தான் வரும் என்றால், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

வகுப்பு தொடங்கும் முன்பே நான் எல்லோருக்கும் இரண்டு கேள்வி அனுப்பிவிடுவேன். இந்தப் பாடம் எந்த வேலைக்குத் தேவை? அந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்? இரண்டாவது கேள்வியில்தான் ஆள் தெரிவார். மருந்துக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர், காலாவதியாகப் போகும் பெட்டிகளைத் தினமும் கண்ணால் தேடி நோட்டில் குறிப்பதாக எழுதியிருந்தார். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிப்பதும், குறிப்பிட்ட நாளுக்குள் வருவதைச் சிவப்பாக்குவதும் முதல் வாரத்துக்கே வந்துவிட்டன. வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது எல்லாம் அந்த வேலையின் ஊடாகவே வந்தன. எந்தப் பெட்டியை முதலில் அனுப்ப வேண்டும் என்று அவர் விளக்கியதைக் கேட்டு, கிடங்கையே பார்த்திராத மற்றவர்களும் தங்கள் வேலைக்கு அதைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த அனுபவம் என்னிடம் இல்லை. அதைப் பேசவிடும் இடத்தில்தான் வகுப்பு அவர்களுடையதாகிறது.

இன்னொன்று. ஒன்றரை மணி நேரம் நாமே பேசினால் செய்து பார்க்க நேரம் ஏது? விளக்கத்தைச் சிறு சிறு வீடியோவாகப் பதிவு செய்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஆன்லைன் பாடங்களுக்கான எட்எக்ஸ் தளத்தில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், குறைந்தது பாதி முறை அது 6 நிமிடத்துக்கு மேல் பார்க்கப்படவில்லை என்று அதில் கண்டார்கள். நேரடி வகுப்பு முழுவதையும் கை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கற்பவரே மையம், அவரே முடிவெடுக்கட்டும் என்கிறார்கள். அப்படியானால் ஆசிரியர் எதற்கு?

நியாயமான கேள்வி. ‘நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்’ என்று புதியவரைத் தனியாக விடுவது கற்பித்தலே ஆகாது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் இதை எதிர்த்துக் கடுமையாகவே எழுதினார்கள். ஒரு துறைக்குப் புதிதாக வருகிறவருக்கு, படிப்படியாகச் செய்து காட்டிய உதாரணம்தான் முதலில் வேண்டும். பழகியவருக்கு அதே உதாரணம் சுமையாகிவிடும். நோல்ஸ்கூட 1970இல் பெரியவருக்கு ஒரு முறை, குழந்தைக்கு ஒரு முறை என்று கோடு கிழித்தவர். 1980இல் அந்தக் கோட்டைத் தளர்த்தினார். ஐம்பது வயதுக்காரரும் முற்றிலும் புதிய பாடத்தில் ஆசிரியரின் கையைப் பிடித்து நடக்க வேண்டியிருக்கலாம்.

எதற்காகப் படிக்கிறோம், எந்தக் கோப்பில் பழகுகிறோம், கற்றதை எப்படிக் காட்டுகிறோம் என்ற முடிவுகளை அவரிடம் விடுங்கள். எது முன், எது பின், எங்கே தவறு வரும் என்பது உங்கள் பொறுப்பு. இப்படி நடத்தினால் ஆசிரியருக்கு வேலை கூடும்.

கேள்வி: நான் படிக்கிற பக்கம். ஆன்லைன் வகுப்பில் எங்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து விடுகிறார் ஆசிரியர். எனக்குத் தெரியாததைத் தெரியாத இன்னொருவரிடம் பேசி என்ன பயன்? பணம் கட்டியது அவர் சொல்வதைக் கேட்கத்தானே?

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. குழுவாகப் பிரித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விடும் வகுப்புகள் நிறைய. கையில் ஒரு தெளிவான வேலையும் அதற்கு ஒரு நேரமும் இல்லாவிட்டால் அந்த நிமிடங்கள் வீண்தான். அதை ஆசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. நல்ல விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாமே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால், திணறியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். சரளமான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும். தனியாக உட்கார்ந்து செய்யும்போதுதான் ஓட்டை தெரியும். அவர்கள் கல்லூரி மாணவர்கள், நீங்கள் வேலைக்குப் போகிறவர். இருந்தாலும் அந்த மயக்கம் எனக்கும் உங்களுக்கும் பொதுவானதுதான். ஆசிரியர்கள் இதை முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பேன். பெரியவர்களிடம் காரணம் சொல்லாமல் எதையும் செய்யச் சொல்வது மரியாதை அல்ல.

கேள்வி: சேரும்போதே ‘நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா?’ என்று படிவம் கொடுத்துப் பிரிக்கலாமா?

வேண்டாம். அப்படிப் பிரித்து நடத்துவதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் தெளிவாகவே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அந்தப் படிவத்துக்குப் பதில், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்.

கேள்வி: அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி வைத்தால் ‘வேலை அதிகம்’ என்கிறார்கள். வைக்காவிட்டால் யாருமே அனுப்புவதில்லை. எது சரி?

தேதி வையுங்கள். தேதி இல்லாத வேலை, அலுவலகமும் வீடும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்துக்குத் தள்ளிப்போகும். அந்த நேரம் வரவே வராது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு இரண்டு முறை, காரணமே கேட்காமல் ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததையோ வேலை போனதையோ ஒரு வீட்டுப்பாடத்துக்காக அவர் உங்களிடம் விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது. ‘ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். இரண்டுக்கு மேல் கேட்டால் போனில் பேசுங்கள். அநேகமாக அவருக்குப் பாடத்தில் எங்கோ ஓரிடம் பிடிபடாமல் இருக்கும்.