கவலை எப்போது நோயாகிறது? ஒரு பதில்

"ஆபீஸ் டென்ஷன், கடன், பிள்ளைகள் படிப்பு என்று கவலை இல்லாத ஆளே கிடையாது. அது எப்போது நோயாகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொது அறிவுக்காக இதை யாரும் கேட்பதில்லை. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, கேஸ் ட்ரபிளா இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர் நீங்களாக இருக்கலாம், அல்லது உங்கள் வீட்டில் ஒருவராக இருக்கலாம். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கவலை எவ்வளவு பெரியது, அதற்கான காரணம் எவ்வளவு கனமானது என்பதை வைத்துக் கோடு போட முடியாது. மகளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் என்றால் தாய் சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பாள். அது நோய் இல்லை. கேட்க வேண்டியவை மூன்று. காரணம் தீர்ந்தபின் கவலை அடங்குகிறதா? "இப்போதைக்கு இது போதும்" என்று தள்ளி வைத்தால் தள்ளி இருக்கிறதா? இந்தக் கவலைக்குப் பயந்து எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு நீளமான பதில் வந்தால், மற்ற இரண்டையும் பெரிதாக அலச வேண்டியதில்லை.

இரண்டு பேருக்கு ஒரே தொகை வீட்டுக்கடன் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் தாமதமானால் முதல் ஆள் தவிக்கிறார், நாலு பேருக்குப் போன் போடுகிறார், பணத்தைப் புரட்டுகிறார், அன்று இரவு குறட்டை விடுகிறார். இரண்டாம் ஆளுக்குத் தவணை கட்டியாகிவிட்டது. ஆனாலும் வங்கிச் செயலியைத் திறந்து திறந்து பார்க்கிறார். அது சலித்ததும் மனசு பிள்ளையின் ஸ்கூல் வேனுக்குத் தாவுகிறது, அங்கிருந்து அம்மாவின் இருமலுக்கு, அங்கிருந்து தன் முதுகுவலி என்னவாக இருக்குமோ என்பதற்கு. விஷயம் மாறிக்கொண்டே இருக்கிறது, பயம் மட்டும் மாறுவதில்லை. இந்தத் தாவல்தான் 'பொதுவான பதற்றக் கோளாறு' (ஆங்கிலச் சுருக்கம் ஜிஏடி) என்ற நோயின் கையெழுத்து.

'ஆறு மாதம் இருந்தால்தான் நோய்' என்று சிலர் இங்கே எழுதுவார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம் 1980-இல் இதைத் தனி நோயாகப் பிரித்தபோது ஒரு மாதம் போதும் என்றது. 1987 திருத்தத்தில் அது ஆறு மாதமானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, குறைந்தது 'பல மாதங்கள்' என்று மட்டும் சொல்கிறது. அதாவது இது ரத்தத்தில் அளந்து எடுத்த எண் இல்லை, மனிதர்கள் கூடிப் பேசிப் போட்ட கோடு. ஐந்தாவது மாதத்தில் வேலையை விடும் நிலைக்கு வந்தவர் ஆறாவது மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

கால அளவோடு சேர்த்து ஆறு அறிகுறிகளைப் பார்ப்பார்கள்: இருப்புக்கொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் நிற்காமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு. பெரியவர்களுக்கு இதில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், குழந்தைகளுக்கு ஒன்று போதும். தசை இறுக்கத்தை நம் ஆட்கள் கவலையோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. கழுத்து, தோள்பட்டை, தாடை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வருடங்களைக் கடத்துவார்கள்.

இணையத்தில் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் கிடைக்கும். 2006-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள். 'இல்லவே இல்லை' என்றால் 0, 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் 3. மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசு, பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து கடுமை. பத்தைத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது சரி. இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, வேலையில் ஆள்குறைப்பு நடக்கும் வாரத்தில் நிரப்பினால் யாருக்கும் மதிப்பெண் எகிறும், அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை: அந்த ஏழு கேள்விகளில் நெஞ்சும் இல்லை, வயிறும் இல்லை, தூக்கமும் இல்லை. நம் ஊரில் பதற்றம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். "கவலையெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சுக்குது" என்பவருக்கு ஜிஏடி-7 குறைவாகவே காட்டலாம். மதிப்பெண் குறைவு என்பதால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது.

அதே நேரம் எல்லாப் படபடப்பையும் மனசின் தலையில் கட்டுவதும் தப்பு. தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் இதே படபடப்பு, வியர்வை, நடுக்கம், எடைக் குறைவு எல்லாம் வரும். டிஎஸ்எச் என்ற ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் என்றால் படபடக்கும் அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் அடித்தாலும் கை நடுங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். தினமும் குடிப்பவருக்குக் காலையில் வரும் நடுக்கம் பெரும்பாலும் சரக்கு இறங்கும் நடுக்கம். காபி டிகாக்‌ஷனையும் விட்டுவிடாதீர்கள். உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஐந்து மணிக் காபி இரவு பத்து மணிக்கும் உள்ளே பாதி நிற்கும். இதற்கெல்லாம் நாலு எளிய பரிசோதனை போதும். எண்பது தொண்ணூறு பரிசோதனை கொண்ட மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் பதற்றக்காரருக்கு விஷம். அத்தனையில் ஏதோ ஒன்று ஓரமாகத் தள்ளி வரத்தான் செய்யும், அடுத்த மூன்று மாதக் கவலைக்கு அது தீனி.

புதிதாக நெஞ்சு வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குப்பென்று வியர்க்கிறது என்றால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திடீரென்று பயம் பொங்கி வரும் பீதித் தாக்குதலும் (பேனிக் அட்டாக்) அப்படித்தான் இருக்கும் என்பது உண்மை. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் வடிந்துவிடும். ஆனால் முதல் முறை அதை நீங்களே முடிவு செய்யக் கூடாது. ஒரு தடவை வந்ததாலேயே அது பீதிக் கோளாறும் ஆகாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடி வந்துடுமோ' என்ற பயத்திலோ, அதற்காக வழக்கத்தை மாற்றிக்கொள்வதிலோ ஒரு மாதம் போனால்தான் அந்தப் பெயர்.

நோயை வளர்ப்பது எது என்றால், தவிர்ப்பது. பஸ்ஸில் படபடப்பு வந்தது, இறங்கிவிட்டீர்கள், உடனே நிம்மதி. "இறங்கியதால்தான் பிழைத்தோம்" என்று மூளை எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்தாலே படபடப்பு. கணவர் வீடு வந்து சேரும்வரை பத்துப் போன் போடுவதும், நெட்டில் அறிகுறி தேடுவதும், "எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று தினம் கேட்பதும் இதே வகைதான். அதனால் சரிசெய்வதும் அந்த இடத்திலிருந்துதான். பத்துப் போனை ஆறாக்கி, அதிலேயே சில நாள் நின்று, தவிப்பு தானாக வடிவதைப் பார்த்தபின் மூன்றாக்குவது. ஒரே நாளில் பூஜ்யமாக்கினால் மூன்றாம் நாள் இருபதாகும்.

கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது இன்னொரு வழி. மாலையில் ஒரே நேரம், ஒரே நாற்காலி, இருபது நிமிடம், கையில் நோட்டு. பகலில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு "ஆறு மணிக்கு" என்று தள்ளுங்கள். ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக எடுத்து, கையில் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்ன, எப்போது என்று எழுதுங்கள். இல்லையென்றால் கோடு போட்டு அடியுங்கள். முதல் வாரம் தள்ளியது எல்லாம் திரும்பி வரும், அது தோல்வி இல்லை. படுக்கையில் உட்கார்ந்து செய்வதுதான் பலரும் செய்யும் தப்பு. படுக்கை கவலைப்படும் இடமாகிவிடும். மூச்சுப் பயிற்சியிலும் "ஆழமா இழு இழு" என்று சொல்லித் தலைசுற்ற வைத்துவிடுகிறார்கள். ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும்: நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம்.

இதெல்லாம் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையின் துண்டுகள். முறையாகச் செய்தால் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, பதினைந்து அமர்வு ஆகும். மருந்து வேண்டியவர்களுக்கு முதலில் எஸிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவைதான் கொடுப்பார்கள். வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் நாலாம் நாள் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டாம் மாதம் நன்றாக இருக்கிறது என்று நிறுத்துபவர்களுக்குத் திரும்பி வரும். சரியானபின்னும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். 'நீங்கள் மருந்துக் கம்பெனி ஆளா' என்று கேட்கப்போகிறவர்களுக்கு: லேசான நிலையில் மாத்திரையே வேண்டியிருக்காது. நான் பயப்படுவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அல்பிரஸோலம் என்ற மாத்திரைக்குத்தான். அரை மணியில் சுகமாக இருக்கும், சில வாரத்தில் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். சட்டப்படி அது ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, தந்ததைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏற்கெனவே தினம் போடுபவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்க் குறைக்க வேண்டும்.

இதற்குக் கீழே ஒருவர் வந்து "பதட்டம் தவறு, பதற்றம்தான் சரி" என்று திருத்துவார். பதறு, பதற்றம். தெரியும் ஐயா, மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு ஆள் இரவு மூன்று மணிக்கு "பதட்டமா இருக்கு" என்று எழுதினால் அவருக்கு எழுத்துப்பிழை பார்ப்பவர்களை என்ன செய்வது? "நம்ம பாட்டிக்கெல்லாம் இது இருந்துச்சா?" என்பவர்களும் வருவார்கள். இருந்தது. வாய்வு என்றார்கள், நெஞ்சடைப்பு என்றார்கள், காத்துக் கருப்பு என்று மந்திரித்தார்கள்.

டாக்டரிடம் போகும்போது "நெஞ்சு வலி" என்று மட்டும் சொன்னால் இன்னொரு ஈசிஜிதான் எடுப்பார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மாதமாக, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் தூக்கம் போகிறது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், காபி எத்தனை, குடி உண்டா, என்னென்ன மாத்திரை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால், அல்லது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால், 14416-ஐக் கூப்பிடுங்கள், அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.