டென்ட் கழி சரிகிறதா? முதலில் அடித்துணியைக் கவனியுங்கள்

கேள்வி: மடக்கு டென்ட் ஒன்றை நானே செய்கிறேன். 2 மீட்டர் சதுரத் தரை. 9 மி.மீ. அலுமினியக் குழாயில் 3.6 மீட்டர் நீளக் கழிகள் இரண்டு, உச்சியில் குறுக்காகக் கடக்கின்றன. பாறையிலும் சிமென்ட் தளத்திலும் போட வேண்டியிருப்பதால் முளை அடிக்க முடியாது. நிறுத்தினால் ஒரு கழி விரிந்து தட்டையாகிறது, மற்றது குறுகி உயர்கிறது. காற்றடித்தால் பக்கவாட்டில் ஆடுகிறது. 12 மி.மீ. குழாய் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கழி இன்னும் பலமாக உதைக்கும், அவ்வளவுதான்.

வளைத்த கழி நிமிரத்தான் பார்க்கும். முளை அடித்த டென்டில் அந்த உதைப்பைத் தரை வாங்கிக்கொள்கிறது. தானே நிற்கும் டென்டில் அதை டென்டேதான் தாங்க வேண்டும். வில்லுக்கு நாண் எப்படியோ, கழிக்கு அடித்துணி அப்படி. உங்கள் நாண்தான் தொய்கிறது.

நான்கு ஓரங்களிலும் நாடா தைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் சதுரம் சாய்சதுரமாகச் சரிவதற்கு ஓரம் ஒரு மில்லிமீட்டர்கூட நீள வேண்டியதில்லை. மீதியைத் துணி தடுக்காதா என்றால், நெய்த துணியை இழை போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அதையே மூலைவாக்கில் இழுத்தால் நீண்டுகொடுக்கும். உங்கள் கழிகள் இரண்டும் இழுப்பது சரியாக அந்த மூலைவாக்கில்தான்.

ஆகவே மூலைக்கு மூலை இரண்டு நாடாக்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் 2.83 மீட்டர். பாலியெஸ்டர் நல்லது; நைலான் நனைந்தால் நீளும். தரைத்துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டாம், ஊசி ஓட்டை வழியே தண்ணீர் வரும். துணிக்கு அடியில் தனியாக ஓடவிட்டு மூலைகளில் மட்டும் பிடித்தால் போதும். ஒரு முனையில் பக்கிள் வைத்தால் நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்தது ஆட்டம். வளைவு தன் தளத்துக்குள் விறைப்பாக நிற்கும். அதற்குக் குறுக்காகத் தள்ளினால் எதிர்ப்பே இருக்காது. கழிகள் கடக்கும் இடத்தைக் கட்டிவிடுங்கள், மேல்துணியைக் கழியோடு பல இடங்களில் கொக்கி போட்டுப் பிடியுங்கள். வெறும் சட்டகம் ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், துணி ஏறிய பிறகு தள்ளிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் மூன்றாவது கழி சேர்க்கலாம். அதை உச்சியைத் தொடாமல் சற்றுத் தள்ளி, இரண்டு கழிகளையும் கடக்கும்படி ஓட்டினால் நடுவில் ஒரு முக்கோணம் விழும். முக்கோணம் சரியாது. முக்கோணங்களை இணைத்துக் கூடு கட்டும் ஜியோடெசிக் யோசனையை, வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருடையதை, பின்பற்றி 1975-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் கொண்டுவந்த டென்டிலும் இதே சங்கதிதான், கழிகள்தான் அதிகம்.

சரி, குழாய்க்கு வருவோம். உங்கள் அளவுக்கு உச்சி ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் வரும், அங்கே வளைவின் ஆரம் சுமார் 1.2 மீட்டர். அந்த வளைவில் 9 மி.மீ. குழாயின் வெளிப்பக்கம் 260 மெகாபாஸ்கல் (உலோகத்துக்குள் எழும் இழுப்பை அளக்கும் அலகு) அளவுக்கு இழுபடும். 12 மி.மீ. ஆனால் அதே வளைவில் 350. தடிமன் கூடக்கூட விறைப்பும் கூடும், வளையும் பொறுமை குறையும். ஜன்னல் சட்டத்துக்குப் போடும் 6063 ரக அலுமினியம் சுமார் 215-லேயே நிரந்தரமாக வளைந்துவிடும். 7075-டி6 ரகம் 500 வரை தாங்கும். கழற்றிய பிறகும் உங்கள் கழி வளைந்தே இருந்தால் மாற்ற வேண்டியது ரகத்தை; 9 மி.மீ. அளவு போதும்.

மடக்குவதற்கு 45 செ.மீ. துண்டுகள் எட்டு. இணைக்கும் உள்குழாய் இரு பக்கமும் முழுக்க நுழைய வேண்டும். அரைகுறையாக நுழைந்தால் வளைக்கும்போது குழாயின் வாய் பிளக்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் இரு பக்கமும் சமமாக இழுபடும்.

அப்புறம், தானே நிற்கும் டென்ட் காற்றில் தானே பறக்கவும் செய்யும். நான்கு மூலையிலும் வளையம் தைத்து, பாறையில் கனமான கல்லிலும், சிமென்ட் தளத்தில் தண்ணீர் நிரப்பிய கேன்களிலும் கட்டிவிடுங்கள்.